சிம்ப்சன் பாலைவனத்தைக் குடும்பத்தோடு கடக்க: கிளம்பும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

முதல் முறை நாங்கள், பாலைவனத்துக்கு மேற்கே இருக்கும் ஊட்நடாட்டா என்ற சின்ன ஊரோடு திரும்பிவிட்டோம். மழை பெய்து சாலையை மூடிவிட்டார்கள். மூன்று நாள் காத்திருந்தோம், அலுவலக விடுப்பு தீர்ந்தது, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் முடிந்தது. அடுத்த ஜூலையில்தான் மறுபடி போய்க் கடந்தோம். அந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவில் நான் தேடி அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்து, அடிலெய்டிலோ மெல்பர்னிலோ குடியேறி, ஒரு ஃபோர் வீல் டிரைவ் வாங்கி, "பிள்ளைகளுக்குப் பாலைவனத்தைக் காட்டிவிட வேண்டும்" என்று நினைக்கும் குடும்பங்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலைவனத்துக்குள் நீங்கள் செய்யும் வேலை கொஞ்சம்தான். பெரிய வேலையெல்லாம் ஆறு மாதத்துக்கு முன்பு, சாப்பாட்டு மேசையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு செய்வது. மேற்கு ஓரத்தில் இருக்கும் மவுண்ட் டேரைத் தாண்டினால் கிழக்கு ஓரத்தில் இருக்கும் பர்ட்ஸ்வில் ஊர் வரை ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு டீசல் கிடையாது, கடை கிடையாது, போன் சிக்னல் கிடையாது. மறந்ததை அங்கே வாங்க முடியாது.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

தெற்கு ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து இரண்டு மாநிலங்களுமே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சிம்ப்சன் பூங்காவை மூடிவிடும். அந்த வெயிலில் வண்டி நின்றுபோனால் உயிர் பிழைப்பது கடினம் என்பதுதான் காரணம். பூங்கா திறந்த உடனே, மார்ச் கடைசியில் போவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்போதும் வெயில் கடுமை, மணல் இளகிக் கிடக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஜூலை விடுமுறைதான் சரியாக வரும். பகலில் 20 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும், இரவில் நடுங்கும். சில இரவுகளில் பூஜ்யம் வரை இறங்கும் என்று எண்ணியே போர்வை எடுங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் பர்ட்ஸ்வில்லில் குதிரைப் பந்தயம் நடக்கும். அந்த நாட்களில் அந்தச் சின்ன ஊரில் தங்க இடம் கிடைக்காது, தவிர்த்துவிடுங்கள்.

மழைக்கென்று குறைந்தது மூன்று நாள் உபரியாக விடுப்பு எடுங்கள். எங்கள் முதல் பயணம் உடைந்தது இதனால்தான். பத்து மில்லிமீட்டர் மழை போதும், களிமண் சாலை வழுக்குப் பாதையாகிவிடும், அதிகாரிகள் மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம் கனமாக விழும். அதைவிட, உங்கள் சக்கரத் தடம் காய்ந்து இறுகி மாதக்கணக்கில் அடுத்தவர்களுக்குத் தொல்லையாக நிற்கும். இரண்டு மாநிலங்களும் சாலை நிலவர அறிக்கையை இணையத்தில் வெளியிடுகின்றன. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து தினமும் பாருங்கள். பர்ட்ஸ்வில்லுக்கு மேற்கே ஐயர் க்ரீக்கில் வெள்ளம் இருக்கிறதா என்பதைத் தனியாகக் கவனியுங்கள். எங்கோ வடக்கே பெய்த மழை வாரங்கள் கழித்து அங்கே வந்து சேரும். அப்போது சுற்றுப்பாதையில் போக வேண்டியிருக்கும், அதற்குக் கூடுதல் டீசல் வேண்டும்.

2. வண்டி, உரிமம், காப்பீடு

லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்ட உதவும் கியர்) உள்ள, தரையிலிருந்து நல்ல உயரமுள்ள வண்டி வேண்டும். பிராடோ, லேண்ட் க்ரூசர், பட்ரோல், பஜேரோ ஸ்போர்ட், ஹைலக்ஸ் இந்த வகை. "நாலு சக்கரமும் இழுக்கும்" என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி நகரத்து எஸ்.யூ.வி.யில் போகாதீர்கள். ஃபாரெஸ்டர், ராவ்-4 எல்லாம் நல்ல வண்டிகள்தான், ஆனால் இந்த இடத்துக்கு அல்ல.

வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். ஃபோர் வீல் டிரைவ் என்றே வாடகைக்கு விடும் பல நிறுவனங்கள் சிம்ப்சன் பாலைவனத்தைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கும், அல்லது எழுத்தில் முன் அனுமதி கேட்கும். அனுமதியில்லாமல் போனால் காப்பீடு செல்லாது, முழு வண்டியின் விலையும் உங்கள் தலையில் விழும்.

சொந்த வண்டி என்றால் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பதிவு செய்யப்பட்ட சாலை அல்லாத பூங்காப் பாதையில் விபத்து நடந்தால் பணம் தருவீர்களா? வண்டியை வெளியே இழுத்து வரும் செலவை ஏற்பீர்களா? தொலைபேசியில் "ஆமாம், எல்லாம் உண்டு" என்று ஒருவர் எனக்குச் சொன்னார். எழுத்தில் கேட்டபோது இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தது. பாலைவன நடுவிலிருந்து ஒரு வண்டியை மீட்க ஐந்தாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். அந்த ஒரு மின்னஞ்சலுக்காக ஒரு வாரம் காத்திருங்கள், தப்பில்லை.

உரிமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய, இலங்கை உரிமத்தை வைத்தே ஓட்டுபவர்கள் அது இன்னும் செல்லுமா என்று பாருங்கள். நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்கள் குறிப்பிட்ட மாதங்களுக்குள் உள்ளூர் உரிமத்துக்கு மாறியாக வேண்டும். செல்லாத உரிமத்தோடு விபத்து நடந்தால் காப்பீடும் கைவிடும்.

3. இரண்டு பெர்மிட், ஒன்றல்ல

பலர் தவறும் இடம் இது. தெற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்கு டெசர்ட் பார்க்ஸ் பாஸ் வாங்க வேண்டும். ஒரு வண்டிக்கு ஒன்று, பன்னிரண்டு மாதம் செல்லும், டல்ஹவுசி ஊற்று இருக்கும் விட்ஜிரா பூங்காவும் அதில் அடங்கும். கட்டணம் இருநூறு டாலரை ஒட்டி வரும். வாங்கும் அன்றைய விலையைப் பாருங்கள், மாறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் பாப்பெல் கார்னர் என்ற மூன்று மாநில எல்லைக்கல்லைத் தாண்டிக் கிழக்கே போனால் நீங்கள் குயின்ஸ்லாந்துக்குள் இருப்பீர்கள். அங்கே அந்தப் பாஸ் செல்லாது. இரவு தங்குவதற்குக் குயின்ஸ்லாந்து பூங்காத் துறையிடம் தனியாக முகாம் பெர்மிட் எடுக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்குப் பத்து டாலருக்கும் குறைவுதான். செலவு பெரிதில்லை. எல்லைக்கல்லில் நிற்கும்போது நினைவு வந்தால் இணையம் இருக்காது என்பதுதான் சிக்கல். இரண்டையும் அச்சிட்டு வண்டியின் முன் அறையில் வையுங்கள். நாயைக் கூட்டிப் போக அனுமதியில்லை. விறகு பொறுக்கவும் கூடாது, சமையலுக்கு எரிவாயு அடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

மெல்பர்னிலிருந்து வருபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். தெற்கு ஆஸ்திரேலிய எல்லையில் பழ ஈக் கட்டுப்பாடு உண்டு. ஸ்டர்ட் நெடுஞ்சாலையில் யம்பா சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். தக்காளி, மிளகாய், மாம்பழம் எல்லாம் அங்கேயே போகும். காய்கறியை எல்லை தாண்டிய பிறகு வாங்குவதே நல்லது.

4. எடைக் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வண்டி உடைவதற்கும், ஸ்பிரிங் முறிவதற்கும், மணல்மேட்டில் புதைவதற்கும் முக்கியமான காரணம் கூடுதல் எடை. குடும்பமாகப் போகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

வண்டியின் கையேட்டில் அது தாங்கும் மொத்த எடை இருக்கும். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடியது எவ்வளவு என்று தெரியும். எங்கள் பிராடோவுக்கு அது அறுநூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கேட்க அதிகமாகத் தெரியும். கூட்டிப் பாருங்கள்:

நாங்கள் நான்கு பேர், 205 கிலோ. தண்ணீர் 160. வண்டியின் முன்பக்கத் தடுப்புச் சட்டமான புல் பார் 60. இரண்டாவது ஸ்டெப்னி 35. மீட்புச் சாமான்கள் 30. குளிர்பெட்டியும் சாப்பாடும் 70. கூடாரம், படுக்கை, துணி 60. அதற்குள்ளேயே 620 ஆகிவிட்டது. நாற்காலி, மேசை, பிள்ளைகளின் புத்தகம், கேமரா எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

முதல் முறை எடைமேடையில் ஏற்றியபோது 140 கிலோ அதிகம் காட்டியது. எடைமேடைக்கு ஆகும் செலவு சில பத்து டாலர்கள்தான். ஆட்களும் தண்ணீரும் டீசலும் நிரம்பிய நிலையில் ஏற்றிப் பாருங்கள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பி, "இது இல்லாவிட்டால் யாருக்காவது ஆபத்தா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். இரும்புச் சட்டி, பெரிய மேசை, தனித்தனி நாற்காலி, பாதித் துணிகள் எல்லாம் வீட்டிலேயே தங்கின.

கூரை மேல் ஏற்றுவதற்குத் தனி வரம்பு உண்டு. எங்கள் வண்டிக்கு ரேக்கின் எடையையும் சேர்த்து 80 கிலோ. மேட்டின் உச்சியில் வண்டி சாயும்போது கூரையில் இருக்கும் எடைதான் கவிழ்க்கும். அங்கே கூடாரம், படுக்கை மாதிரி லேசானதை மட்டும் வையுங்கள்.

தண்ணீர்: குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தோம். ஐந்து நாள் பயணம், மூன்று நாள் உபரி, நான்கு பேர்: 160 லிட்டர். இதற்குக் குறைய வேண்டாம். ஒரே பெரிய தொட்டியில் வைக்காமல் பல கேன்களில் பிரித்து வையுங்கள். ஒன்று ஓட்டையானாலும் மற்றவை இருக்கும்.

டீசல்: மணலில் நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டர் குடிக்கும். 500 கிலோமீட்டருக்கு நூறு லிட்டர், அதற்கு மேல் நாற்பது லிட்டர் உபரி. எங்கள் வண்டியில் இரண்டு தொட்டிகளும் சேர்ந்து 150 லிட்டர் கொள்ளும் என்பதால் பிழைத்தோம். ஒற்றைத் தொட்டி வண்டி என்றால் ஜெர்ரி கேன் வேண்டும். பிள்ளைகள் உட்காரும் இடத்துக்குள் எரிபொருளை ஒருபோதும் வைக்காதீர்கள்.

டிரெய்லர் இழுத்துப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். பூங்காத் துறைகளும் பரிந்துரைப்பதில்லை. டிரெய்லர்கள்தான் மேடுகளின் சரிவைக் குழிகுழியாகக் கிண்டிவிடுகின்றன.

5. கொடி, ரேடியோ, அவசரக் கருவி

மணல் கொடி சட்டப்படி கட்டாயம். முன்பக்க புல் பாரில் நீண்ட கம்பு நட்டு, கொடியின் உச்சி தரையிலிருந்து மூன்றரை மீட்டர் உயரம் இருக்க வேண்டும். மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஏறி வருபவருக்கு உங்கள் வண்டி தெரியாது, கொடிதான் தெரியும். ஜூலையில் மவுண்ட் டேரில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள், தீர்ந்துபோயிருக்கும். நகரத்திலேயே வாங்குங்கள்.

வண்டிக்கு வண்டி பேசும் யூ.எச்.எஃப் ரேடியோ வண்டியில் பொருத்தியது வேண்டும். பாலைவனத்தில் எல்லோரும் 10-ஆம் சேனலில் இருப்பார்கள். ஒவ்வொரு பெரிய மேட்டுக்கும் முன்னால் எந்தத் திசையில் எத்தனை வண்டிகள் வருகின்றன என்று சொல்லுங்கள். முதலில் கூச்சமாக இருக்கும், தயங்காமல் பேசுங்கள்.

பி.எல்.பி. எனும் அவசர ஒளிபரப்பி முந்நூறு, நானூறு டாலர் ஆகும். அதை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்ய வேண்டும். பயண விவரத்தையும் அங்கேயே சேர்க்கலாம். பேட்டரி காலாவதித் தேதியைப் பாருங்கள். பழையது வாங்கினால் முந்தைய உரிமையாளரின் பெயரில் பதிவு இருக்கும், உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதோடு ஒரு சாட்டிலைட் போனை வாடகைக்கு எடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் பி.எல்.பி., வண்டி பழுது என்றால் போன். இரண்டுக்கும் வேலை வேறு.

பிள்ளைகள் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில் கட்டினோம். அங்கே ஒரு மேட்டைத் தாண்டினால் எல்லா மேடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெரியவர் இல்லாமல் உச்சியைத் தாண்டக் கூடாது என்பதுதான் எங்கள் வீட்டில் கண்டிப்பான ஒரே விதி.

6. டயரும் மீட்புச் சாமானும்

எல்.டி. (லைட் டிரக்) வகை டயர், இரண்டு ஸ்டெப்னி, காற்றடிக்கும் கம்ப்ரசர், அழுத்தமானி. நீளக் கைப்பிடி மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் போடும் மீட்புப் பலகை நான்கு, புதைந்த வண்டியை இன்னொரு வண்டியால் இழுக்கும் ஸ்னாட்ச் பட்டை. வண்டியின் முன்னும் பின்னும் எடை குறித்த கொக்கிகள் பொருத்தியிருக்க வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையைக் கட்டி இழுக்காதீர்கள். அது பிய்ந்து குண்டு மாதிரி பறக்கும், இந்த நாட்டில் அப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் வாங்கினால் போதாது. ஃபோர் வீல் டிரைவ் சங்கங்கள் ஒருநாள் பயிற்சி நடத்துகின்றன, கணவன் மனைவி இருவரும் போங்கள். ஓட்டுபவருக்கு உடம்பு முடியாமல் போனால் மற்றவர் ஓட்ட வேண்டியிருக்கும். அங்கேயே துணை வண்டியும் கிடைக்கலாம். குடும்பத்தோடு ஒற்றை வண்டியாகப் போவதை நான் ஏற்கவே மாட்டேன்.

7. சாப்பாடு

சோறு வடித்தால் தண்ணீர் போகிறது, அரிசி களைந்தால் தண்ணீர் போகிறது. அதனால் சின்ன பிரஷர் குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்தே சமைத்தோம். காலையில் ரவை உப்புமா அல்லது அவல். மதியம் சப்பாத்தியும் ஊறுகாயும். இரவில் பருப்புச் சாதம், அல்லது வீட்டில் காய்ச்சி எடுத்துவந்த புளிக்காய்ச்சலில் பிசைந்த சோறு. பாத்திரத்தை மணலாலும் காகிதத்தாலும் துடைத்துவிட்டுக் கடைசியில் கொஞ்சம் தண்ணீர். குப்பைத் தொட்டி எங்கும் இல்லை, எல்லாவற்றையும் பர்ட்ஸ்வில் வரை சுமக்க வேண்டும். அட்டைப் பெட்டிகளையெல்லாம் வீட்டிலேயே பிரித்துப் போட்டுவிடுங்கள். இரவில் செருப்பும் சாப்பாடும் வெளியே இருக்கக் கூடாது, டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிக்கொண்டு போய்விடும்.

8. பாதையும் நாள் கணக்கும்

மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். ஏறக்குறைய 1,100 மணல்மேடுகள் வடக்குத் தெற்காக வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேற்குச் சரிவு சாய்வானது, கிழக்குச் சரிவு செங்குத்தானது. முதல் முறை போகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

அடிலெய்டிலிருந்து கூபர் பீடி சுமார் 850 கிலோமீட்டர், இரண்டு நாளாகப் பிரியுங்கள். அங்கிருந்து ஊட்நடாட்டா 195 கிலோமீட்டர் மண் சாலை. பிறகு மவுண்ட் டேர், அங்கே தொட்டியை முழுதாக நிரப்புங்கள். சுமார் 70 கிலோமீட்டரில் டல்ஹவுசி. வெந்நீர் ஊற்றுக் குளத்தில் குளிர்காலக் காலையில் ஆவி பறக்கும். பிள்ளைகளுக்கு முழுப் பயணத்திலும் அதுதான் பிடித்தது. ஒரு முழுநாள் அங்கே கொடுங்கள்.

அதன் பிறகு பர்னி போர் என்ற ஆழ்துளைக் கிணறு வழியாக ஃபிரெஞ்ச் லைன் என்ற தடம். இது நேர்ப்பாதை, ஆனால் குலுக்கி எடுக்கும். ரிக் ரோடு என்ற மற்றொரு தடம் நீளமானது, கொஞ்சம் சுலபம், டீசல் கூடுதல். வயிற்றைப் புரட்டும் பிள்ளைகள் இருந்தால் ரிக் ரோட்டை யோசியுங்கள். ஒரு நாளைக்கு நூறு, நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். மணிக்கு இருபது கிலோமீட்டர்தான் நகர்வீர்கள். பாப்பெல் கார்னருக்குப் பிறகு க்யூ.ஏ.ஏ. லைன் என்ற தடத்தில் மேடுகளின் இடைவெளி கூடும், உயரமும் கூடும். கடைசியில் பர்ட்ஸ்வில்லுக்கு 35 கிலோமீட்டர் முன்னால் நாற்பது மீட்டர் உயரத்தில் பிக் ரெட் என்ற மணல்மேடு நிற்கும். அதன் மேல் ஏறியே ஆக வேண்டும் என்றில்லை, சுலபமான பாதையும் பக்கத்திலேயே உண்டு.

9. மேட்டில் ஓட்டும்போது

டயர் அழுத்தத்தை 16 முதல் 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். முதல் மேட்டுக்கு முன்பே, பர்னி போர் பக்கத்திலேயே இறக்குங்கள். நான் 26-இல் வைத்துக்கொண்டு முதல் பத்து மேடுகளில் மூன்று முறை புதைந்தேன். இறக்கியதும் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது.

காலையில் மணல் இறுக்கமாக இருக்கும், சீக்கிரம் கிளம்பி மாலை நான்குக்கு நிறுத்துங்கள். உச்சிக்கு ஒரு வண்டி நீளம் முன்னாலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஏற முடியாமல் நின்றால் சக்கரத்தைச் சுழற்றாமல், வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். சரிவில் வண்டியைத் திருப்ப முயன்றால் உருண்டுவிடும். வண்டி முழுதாக நின்றுபோனால் அதை விட்டு யாரும் நடக்கக் கூடாது. மேலிருந்து தேடுபவர்களுக்கு ஆளைவிட வண்டிதான் முதலில் கண்ணில் படும்.

10. செலவு, கடைசி வேலை

மொத்தம் மூவாயிரம் கிலோமீட்டர் வரும். எங்களுக்கு டீசல் 1,200 டாலரை ஒட்டியது. மீட்புச் சாமான்கள் 900, பி.எல்.பி.யும் போன் வாடகையும் 550, பெர்மிட்கள் 250, பயிற்சியும் டயரும் தனி. உள்ளூரில் அட்டை இயந்திரம் வேலை செய்யாத நாட்கள் உண்டு, ஐந்நூறு டாலராவது ரொக்கமாக வையுங்கள்.

கிளம்பும் முன் நம்பகமான ஒருவரிடம் பாதை, வண்டி எண், பர்ட்ஸ்வில் சேரும் நாள் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். எந்த நாள் எந்த நேரம் வரை தகவல் இல்லாவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றும் அதில் எழுதுங்கள். பர்ட்ஸ்வில்லில் டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் போன் சிக்னல் வரும். டயருக்குக் காற்றடிப்பதற்கு முன்பு, சாப்பிடுவதற்கு முன்பு, முதலில் அவரைக் கூப்பிடுங்கள். நாங்கள் சொன்ன நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னால் கூப்பிட்டோம். முதல் மணியிலேயே எடுத்தார் என் தங்கை.